வரிசையின் கடைசி ஆள்



டிப்ளமோ பட்டயம் கைக்கு வர இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஆனால் "மதுரையில படிக்கிற பையன்" என்ற பட்டம் எனக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து யார் மதுரைக்குக் கிளம்பினாலும் முதலில் என் போன்தான் அடிக்கும். "தம்பி, மீனாட்சியம்மன் கோயிலுக்கு வர்றோம்ப்பா. கூட்டத்துல மாட்டாம பாக்குறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

அப்பா கொத்தனார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்தவனுக்கு எல்லா வழியும் தெரியும் என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். வெர்னியர் காலிப்பர் பிடிக்கத் தெரிந்தவனுக்குக் கோயில் வரிசையைச் சுருக்கத் தெரியாதா என்பது அவர்கள் கணக்கு!

இரண்டு வருடமாக இந்தக் 'கைடு' வேலை பார்த்ததில் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். ஒரு தப்பும் செய்தேன். இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கூட்டத்தை ஏமாற்றாமல் தவிர்க்கும் வழிகள்

முதலில் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள் அல்லவா?

கோயில் நடை அதிகாலை 5 மணிக்குத் திறக்கிறது. பகல் 12.30-க்குச் சாத்தினால் மறுபடி மாலை 4 மணிக்குத்தான். வெளியூர் வேன்கள் எல்லாம் காலை டிபனை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு மேல் வந்து சேரும். அதற்குள் நீங்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை ஆகிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களும் தை மாதம் பழனிக்குப் போகிறவர்களும் மதுரையைத் தொட்டுக்கொண்டுதான் போவார்கள். சித்திரைத் திருவிழாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது கூட்டத்தைப் பார்க்கவே போகிற திருவிழா! நான் சிபாரிசு செய்வது புதன்கிழமை விடியற்காலை.

2018-லிருந்து கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. போனை ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை. போனை அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் இரண்டு வரிசை மிச்சம். அதே மாதிரி எல்லோரும் கிழக்குப் பக்கமாகவே வந்து குவிகிறார்கள். கோயிலுக்கு நாலு பக்கமும் கோபுர வாசல் உண்டு. தெற்கு வாசலில் சாவகாசமாக நுழைந்து, சுமார் 170 அடி உயரமுள்ள அந்தத் தெற்குக் கோபுரத்தைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போன நாட்கள் எனக்கு உண்டு.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீண்ட வரிசை சன்னதிக்கு மட்டும்தான். பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில் உட்கார வரிசை கிடையாது. கம்பத்தடி மண்டபத்தில், மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கும் கல்யாணக் காட்சியைக் கல்லில் வடித்திருக்கிறானே, அந்தத் தூணின் முன்னால் நிற்கவும் அப்படியொரு வரிசை கிடையாது. ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது ஆயிரம் அல்ல, 985 தூண்கள். எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நேரம் நிறைய தேவைப்படும்!

நடை சாத்துகிற அந்த மூன்றரை மணி நேரம் வெளியூர்க்காரர்கள் சித்திரை வீதியில் வெயிலில் காய்வதைப் பார்த்திருக்கிறேன். நடந்து போகிற தூரத்தில் 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. மேலமாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பர் 22-ல் அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது. ஊரில் பார்க்க நாலு இடம் உண்டு என்று நாலு பேருக்குத் தெரிந்தாலே கூட்டம் பாதி கலைந்துவிடும்.

இவையெல்லாம் நேர்மையான வழிகள். இதில் யாருடைய நேரத்தையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. காலியாகக் கிடக்கிற நேரத்தையும் காலியாகக் கிடக்கிற இடத்தையும்தான் பயன்படுத்திக்கொள்கிறோம்.

இனி, நான் செய்த தப்பு.

"எங்க மாமா முன்னாடி நிக்கிறாரு"

போன வருடம் அப்பத்தாவும் அம்மாவும் அத்தையும் கிளம்பி வந்தார்கள். நான் சொன்ன புதன்கிழமைக்கு வரவில்லை. அம்மாவுக்கு வேலை இல்லாத நாள் வெள்ளிக்கிழமைதான். வந்து இறங்கும்போதே சாயங்காலம் ஐந்து மணி. வரிசையின் வாலைத் தேடிக்கொண்டு போனோம், போனோம், போய்க்கொண்டே இருந்தோம்...

எங்களுக்கு முன்னால் கடைசியாக நின்றது ஒரு அக்கா. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சிறுமி. அப்பத்தா அந்தக் குழந்தைக்கு விரலைக் கொடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிடத்தில் இருவரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயம். அதைவிடப் பெரிய காரணம், நான் 'மதுரைப் பையன்' அல்லவா? என் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டாமா? "வாங்க என் பின்னாடி" என்று மூவரையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனேன். வரிசை வளைகிற இடத்தில், "கொஞ்சம் வழி விடுங்கண்ணே, எங்க மாமா முன்னாடி நிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே புகுந்தேன். எனக்கு மாமாவே கிடையாது! இரண்டு பேர் முறைத்தார்கள். அப்பத்தாவின் நரைத்த தலையைப் பார்த்து விட்டுவிட்டார்கள். இருபது நிமிடத்தில் தரிசனம் முடிந்தது. அத்தை, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று திருஷ்டி கழித்தார்.

வெளியே வரும்போது அந்த வரிசையின் ஓரமாகத்தான் வர வேண்டியிருந்தது. அந்த அக்கா இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. குழந்தை தோளில் தூங்கிவிட்டது. எங்களைப் பார்த்ததும் சண்டைக்கு வருவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ சிரித்த முகமாக, "பாத்துட்டீங்களா ஆத்தா? நல்லாத் தெரிஞ்சாளா?" என்று கேட்டார்.

அப்பத்தாவால் பதில் சொல்ல முடியவில்லை. தன் கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை அந்தச் சிறுமி கையில் வைத்துவிட்டு நடந்தது. பஸ்ஸில் வெகுநேரம் பேசவே இல்லை. திருமங்கலம் தாண்டிய பிறகுதான் சொன்னது: "அந்தப் புள்ளைக்குப் பின்னாடி நின்னுருக்கணும்டா. எங்கய்யா காலத்துல வரிசையில நிக்க விட்டாலே பெரிசு."

அவ்வளவுதான் சொன்னது. என்னைத் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

நாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். மனசாட்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கையே கேட்போம்.

வரிசையைப் பற்றி ஒரு தனிக் கணிதமே இருக்கிறது தெரியுமா? டென்மார்க் நாட்டில் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எத்தனை பேர் ஒரே நேரத்தில் லைனுக்குக் காத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு 1909-ல் வெளியிட்டதில் தொடங்கியது அது. 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் ஒரு எளிய விதியை நிரூபித்தார். வரிசையில் நிற்கிறவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். நம்ம ஊர் சின்னப் பையனும் போடுகிற வகுத்தல் கணக்கு!

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 1200 பேர் நிற்கிறார்கள். நிமிடத்துக்கு 20 பேர் சன்னதியைக் கடக்கிறார்கள். கடைசி ஆள் 60 நிமிடம் நிற்க வேண்டும். இப்போது பக்கத்தில் இன்னொரு வழி திறந்து, அந்த 20-ல் 10 பேரை அந்த வழியாக விடுகிறோம் என்றால்? பெரிய வரிசைக்கு மிச்சம் நிமிடத்துக்கு 10 பேர்தான். கடைசி ஆள் நிற்க வேண்டியது 120 நிமிடம். சன்னதி ஒன்றுதான். வாசலும் அதே வாசல்தான். பக்கத்து வழியில் போனவர் மிச்சம் பிடித்த நேரம் எங்கிருந்து வந்தது? கடைசி ஆளின் காலிலிருந்து வந்தது.

ஒரே பம்பு, ஒரே மெயின் பைப். நடுவில் ஒரு டீ-ஜாயின்ட் போட்டுப் பாதித் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரர் இழுத்தால், தெருக்கோடி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். இதை நமக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வாத்தியார் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடைக்காலத்தில் குடத்தோடு நின்ற நம் அம்மாக்களுக்கே தெரியும்.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று படித்தோமே! குறுக்கே புகுந்தவன் தவிர்த்த காத்திருப்பும் அப்படித்தான். அது அழிவதில்லை. ஒருவன் தோளிலிருந்து இன்னொருவன் தோளுக்கு மாறுகிறது. அன்றைக்கு நாங்கள் நாலு பேர் மிச்சம் பிடித்த நேரம் அந்த அக்காவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

காசு கொடுத்தால் சரியா?

இதை ஹாஸ்டலில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "மாப்ள, நீ பொய் சொல்லிப் போனது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா பெரிய கோயில்கள்ல காசு கட்டி சிறப்பு தரிசனம் போறவன் என்ன தப்பு பண்ணுனான்? ரயில்ல ஏ.சி. பெட்டி இல்லையா? காசு உள்ளவன் அதுல போறான். அதுக்காக ரயிலை நிப்பாட்டிருவியா?"

நல்ல கேள்விதான். இரண்டு நாள் யோசித்தேன். பதில் இதுதான். ஏ.சி. பெட்டியில் வருகிறவரும் அன்ரிசர்வ்டு பெட்டியில் வருகிறவரும் ஒரே நேரத்தில்தான் மதுரை ஜங்ஷனில் இறங்குகிறார்கள். அவர் மெத்தையில் படுத்து வந்ததால் நான் ஒரு மணி நேரம் தாமதமாக இறங்குவதில்லை. அவர் காசு கொடுத்து வாங்குவது சௌகரியத்தை. ஆனால் வரிசையில் முன்னால் போகக் காசு கொடுக்கிறவர் வாங்குவது என்னுடைய நேரத்தை. விற்றவர் யாரோ! பொருளோ என்னுடையது!

கட்டணத்தால் வருகிற பணத்தில் நல்ல காரியங்களும் நடக்கலாம். நான் மறுக்கவில்லை. காணிக்கை போடட்டும், கட்டளை எழுதி வைக்கட்டும், மண்டபம் கட்டித் தரட்டும். அதற்குக் கைமாறாகக் கடைசி ஆளின் நேரம்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு 2018-ல் இரண்டு கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். ஒரு சீட்டுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே என்பது ஒன்று. சமாதி உள்ள முக்கியக் கட்டடத்துக்குள் போகக் கூடுதலாக 200 ரூபாய் என்பது இன்னொன்று. இரண்டும் கூட்டத்தைக் குறைக்கத்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல! மூன்று மணி நேரம் என்பது கலெக்டருக்கும் மூன்று மணி நேரம், கொத்தனாருக்கும் மூன்று மணி நேரம். 200 ரூபாய் அப்படியல்ல. குடும்பத்தோடு போகிற கொத்தனார் ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வெளியில இருந்தே நல்லாத் தெரியுதே" என்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவார். எங்கள் அப்பா அப்படித்தான் சொல்வார். எனக்கு அந்தக் குரலே கேட்கிறது.

வரிசை என்பது சின்ன விஷயமா?

"எங்கய்யா காலத்துல" என்று அப்பத்தா சொன்னது என்னை விடவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1939 ஜூலை 8. அன்றுதான் வைத்தியநாத ஐயர், அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். பின்னாளில் அமைச்சராகி எளிமைக்குப் பெயர் பெற்ற கக்கன் அவர்களும் அந்தக் குழுவில் ஒருவர். எல்லோரையும் உள்ளே விடும் வரை நானும் போகமாட்டேன் என்று இருந்த காந்தி, 1946-ல்தான் இந்தக் கோயிலுக்குள் காலடி வைத்தார்.

அதற்கு முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையின் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வரிசையே இல்லை. அப்பத்தாவின் தாத்தா கோபுரத்தைப் பார்த்துத் தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பியவராம். அவருக்கு ஆறு மணி நேரம் நிற்கச் சொல்லி ஒரு இடம் கொடுத்திருந்தால் சந்தோஷமாக நின்றிருப்பார்.

இப்போது யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. நாம் அலுத்துக்கொள்கிற வரிசை எவ்வளவு பெரிய விஷயம்! முதலில் வந்தவன் முதலில் போவான். சாதி கேட்காது, சட்டைப் பையைப் பார்க்காது. ரேஷன் கடையிலும் பெரியாஸ்பத்திரியிலும் ஓட்டுச்சாவடியிலும் எங்கள் குடும்பம் மற்றவர்களோடு சமமாக நின்ற இடம் வரிசை ஒன்றுதான். அப்படிக் கிடைத்த இடத்தை, முதன்முதலாகப் படிக்க வந்த நானே ஒரு பொய்யைச் சொல்லிக் கெடுத்தேன். படிப்பு எனக்கு முதலில் கற்றுத் தந்தது குறுக்கு வழியைத்தானா?

வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் தூரத்தில் தேட வேண்டாம். 2022 ஏப்ரல் 16-ல் அழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 8-ல் திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்க நின்ற இடத்தில் 6 பேர் இறந்தார்கள். நெரிசலில் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல்தான் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் நெருக்கினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. முண்டியடிக்கிற ஒவ்வொருவனும் "நான் ஒருத்தன்தானே" என்றுதான் நினைக்கிறான்.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது கட்டுரை அல்ல, புலம்பல். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த இடம் ஆனாலும் பொருந்தும்.

கூட்டம் கூடுகிற நாட்களில் நேரம் குறித்த இலவச டோக்கன் கொடுக்கலாம். 'உங்கள் நேரம் காலை 11 மணி' என்று தெரிந்துவிட்டால் அதுவரை ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். வரிசையின் வாலில் 'இங்கிருந்து சுமார் 90 நிமிடம்' என்று ஒரு பலகை வைக்கலாம். இதற்குத் தேவை லிட்டில் விதியும் ஒரு சாக்பீஸும்தான். உட்காரப் பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்களுக்குக் காசில்லாமல் தனி வழி கட்டாயம் வேண்டும். அவர்களுக்கு நம் நேரத்தில் ஐந்து நிமிடம் கொடுப்பது இழப்பு அல்ல. அது நாமாகக் கொடுப்பது. பறிகொடுப்பது வேறு, கொடுப்பது வேறு.

இன்னொன்று, நாம் மாற வேண்டியது. நம் கேண்டீனில் பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது? "மாப்ள, எனக்கும் சேத்து ரெண்டு வடை" என்று முன்னால் நிற்பவனிடம் காசை நீட்டுகிறோம். பரீட்சைக் கட்டணம் கட்டுகிற நாளில் ஒருவனுக்குப் பின்னால் ஆறு பேர் முளைக்கிறோம். மாணவர் பேரவை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, 'பேரவை வேலை' என்று சொல்லிக்கொண்டு முன்னால் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்! (இதையும் மலரில் போட்டால் பேரவைக்கு என் சலாம்.) நாளைக்கு நாமும் ஓவர்சீயராக, சூபர்வைசராக, ஏதோ ஒரு அலுவலகத்தில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறோம். வடைக்குக் குறுக்கே புகுந்த கை, அப்போது வேறு எதற்கும் குறுக்கே போகாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

இந்தத் தை மாதம் கழிந்ததும் ஒரு புதன்கிழமைக்கு அப்பத்தாவை மறுபடி வரவழைத்தேன். முதல் நாள் இரவே சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்து, இருட்டோடு கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில்தான் நின்றோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். கோபுரத்தின் மேல் வெயில் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே அப்பத்தா கேட்டது: "இன்னைக்கு உங்க மாமா வரலையாடா?"

சிரித்துவிட்டேன். அப்பத்தாவும் சிரித்தது.

நண்பர்களே, நேரம் பார்த்துப் போங்கள். நாள் பார்த்துப் போங்கள். போன இடத்தில் கூட்டம் இருந்தால், கடைசியாக நிற்பவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அங்கேதான் நானும் நிற்பேன். சந்திப்போம்!

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை